புதுத் தண்ணீருக்குப் பிறகு திறந்த கண்

பிரியமான விசுவாசிகளே, என் வீட்டுக்காரருக்கு ஊசியின் காது தெரியாமல் போனது நயா பைசா வந்த மறு வருஷம். அவர் தையல்காரர். திருச்சி பாலக்கரையில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் மெஷின். ஆசீர்வாதம் தைத்த சட்டை என்றால் தோள்பட்டையில் சுருக்கம் விழாது என்று தென்னூரிலிருந்துகூட ஆள் வரும். அந்த மனுஷர் ஒரு நாள் நூலை எச்சில் தொட்டு முறுக்கி முறுக்கி, ஊசிக்குப் பக்கத்தில் காற்றைக் குத்திக்கொண்டிருந்தார். நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்புறம் ஊசியை மெதுவாகத் துணியில் செருகி வைத்துவிட்டு, "வெளிச்சம் போதல" என்றார். நடுப்பகல். வாசல் முழுக்க வெயில்.

இரண்டு கண்ணிலும் புரை. கருவிழிக்குள் மோர் ஊற்றின மாதிரி இருந்தது. இருட்டும் வெளிச்சமும் மட்டும்தான் பிரிந்து தெரிந்தது. தையலைத் தவிர வேறு எதுவும் அறியாத மனுஷர். மெஷினைத் துடைத்துத் துடைத்து வைத்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க முடியாமல் நான் விடியுமுன் கடைக்குக் கிளம்பிவிடுவேன்.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். சபைக்கு வந்த பிறகுதான் அதுவும் வந்தது. இதை எழுதி முடிக்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. மெதுவாகவே படியுங்கள். மற்றவர்கள் எழுதுகிற சாட்சியில் ஜெயம் இருக்கும். இதிலும் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் நிறைய வெட்கம் இருக்கிறது.

காந்தி மார்க்கெட்டில் நான் வாழை இலைக் கடை வைத்திருந்தேன். ஸ்ரீரங்கத்துக்கு அப்பால் கொள்ளிடக்கரைத் தோப்புகளில் இலை வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றி, நானும் கட்டுகளோடு உட்கார்ந்து காவேரிப் பாலத்தில் வருவேன். கிழிந்த இலையைக் கட்டுக்குள் ஒளித்துக் கொடுத்தாள் ரெபெக்காள் என்று ஒருத்தர் சொல்ல முடியாது. என் வாய்க்கு மார்க்கெட்டே பயப்படும். சபைக்கு வந்தபோது நகையைக் கழற்றினேன். கலர் சேலையை விட்டேன். மருந்து மாத்திரையை விட்டேன். பெருமையை மட்டும் விடவில்லை. அதையும் பக்தி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சபையில் அப்போது யாரும் மருந்து தொடுவதில்லை. வியாதி வந்தால் ஜெபம். எனக்கே ஒரு முறை விஷக்காய்ச்சல் ஜெபத்தில்தான் விட்டது. அது பொய்யில்லை. ஆகையால் அவருடைய கண்ணுக்கும் வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

அந்த மாசியில் வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் எங்கள் சபைக்கு வந்தார். கூட்டத்தின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் பக்கம் கையை நீட்டினார். "காவேரியில் புதுத் தண்ணீர் வருமுன்னே இந்த மனுஷன் காண்பான். மனுஷன் கை அவன் கண்ணில் படாது" என்று வாக்கு உரைத்தார். சபையே அழுதது. நானும் அழுதேன். என் வீட்டுக்காரர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

நான் அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கலாம். எனக்கு அது முடியவில்லை. மறுநாளே மார்க்கெட் முழுக்கச் சொன்னேன். என் கடைக்கு அடுத்த கடை முத்துலட்சுமியுடையது. அவளும் இலைதான் விற்பாள். சமயபுரத்து ஆத்தாவுக்கு மஞ்சள் சேலை கட்டி நடக்கிறவள். அவள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"அண்ணனுக்குக் கண்ணு தெரிஞ்சிருச்சுன்னு எதை வெச்சுக்கா சொல்லுவீங்க?"

"எதை வெச்சுடி? அவரு பாப்பாரு. அவ்வளவுதான்."

"அப்படியில்லக்கா. ஏதோ நெழலு ஆடுதும்பாரு, நீங்க அதையே தெரிஞ்சிருச்சும்பீங்க. இப்பவே பேசிக்குவோம். தையக்காரரு ஊசியில நூல் கோக்கட்டும். ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள கோத்துட்டாருன்னா நானே வந்து உங்க பாயில உக்காந்து அல்லேலூயா சொல்றேன்."

"கோப்பாருடி. நீ வெள்ளைச் சேலை எடுத்து வெச்சுக்க."

சுற்றி இருந்த கூலியாட்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கெடு என்ன, எதைப் பார்த்தால் நிறைவேறியது என்று ஒத்துக்கொள்வது, எல்லாம் அன்றைக்கே பேசி முடிந்துவிட்டது. சபையில் நாங்கள் பேசி வைக்காததை அவிசுவாசியான ஒருத்தி பேசி வைத்தாள் என்பதுதான் எனக்கு உறைக்கவில்லை.

பங்குனி போயிற்று. சித்திரை போயிற்று. காவேரியில் மணல்தான் கிடந்தது. தினமும் பாலத்தில் வரும்போது வண்டியிலிருந்து எட்டிப் பார்ப்பேன். மணலைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். குடிதண்ணீருக்கு ஊரே ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தபோது, இன்னும் கொஞ்ச நாள் தண்ணீர் வராமல் இருக்கட்டும் என்று நான் ஜெபித்தேன். அப்படியொரு ஜெபத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வைகாசிக் கடைசியில் ஒரு காலை, வண்டிக்காரர் மாட்டை நிறுத்தினார். மணலில் பாம்பு ஊர்கிற மாதிரி ஒரு ஓரமாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. முன்னால் நுரையும் சருகும்.

"புதுத் தண்ணி வந்திருச்சுக்கா" என்று அவர் கும்பிட்டார்.

"வாயை மூடிட்டு வண்டிய ஓட்டுய்யா" என்றேன்.

நேராகச் சபை மூப்பரிடம் போனேன். அவர் நல்லவர். எங்களுக்காக அழுது ஜெபித்தவர். யோசித்துவிட்டுச் சொன்னார்.

"அது புதுத் தண்ணி இல்ல சிஸ்டர். எங்கேயோ மழை பேஞ்சு வர்ற தண்ணி. அணையத் தொறந்து, கரை தொட்டு வரணும். அதுதான் புதுத் தண்ணி. விசுவாசத்தை விட்டுராதீங்க."

அவர் சொன்னதை நான் தாகத்தோடு குடித்தேன். ஊழியக்காரர் சொன்னபோது கரை தொட்டு என்று எதுவும் சொல்லவில்லை. எனக்கு அது நினைவிருந்தது. நினைவில்லாத மாதிரி இருந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மூப்பர் என் வீட்டுக்காரரை எழுப்பி நிறுத்தினார்.

"பிரதர் ஆசீர்வாதம், கொஞ்சமாவது தெரியுதா?"

நான் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பிடித்தேன். அந்த மூச்சு அவருக்குக் கேட்டிருக்கும் போல.

"தெரியுதுங்கய்யா" என்றார்.

"உங்க வீட்டம்மா என்ன கலர் சேலை கட்டியிருக்காங்க? பாத்துச் சொல்லுங்க."

"வெள்ளைங்க."

அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது. நான் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினேன். அவர் உட்கார்ந்துவிட்டார். என் முகம் இருந்த திசையைக்கூட அவர் பார்க்கவில்லை. அதைக் கவனிக்க எனக்கு நேரம் இல்லை.

மறுநாள் கடை திறக்குமுன்னே முத்துலட்சுமியிடம் போனேன்.

"தெரிஞ்சிருச்சுடி. சபை முன்னாடி சேலைக் கலரைச் சொன்னாரு."

"நெசமாவா? சந்தோசம்க்கா. ஊசி கோத்தாரா?"

"ஊசி என்னடி ஊசி? உனக்கு ரவிக்கையே தெச்சுத் தருவாரு. துணியக் குடு."

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மஞ்சள் துணி ஒன்று வாங்கிக் கொடுத்தாள். நான் அதை வீட்டில் மெஷின் மேல் வைத்து, "முத்துலட்சுமிக்கு ரவிக்கை. அவ வாயை அடைக்கணும்" என்றேன். அவர் துணியை விரலால் தேய்த்துப் பார்த்து, "நல்ல துணி" என்றார்.

அந்த வாரம் அணை திறந்த தண்ணீர் வந்தது. கரைக்குக் கரை செம்மண் நிறத்தில் ஓடியது. பாலத்தில் ஜனங்கள் கூட்டமாக நின்று பார்த்தார்கள். என் வண்டியும் நின்றது. எனக்குப் பயமில்லை. வாக்கு முன்னாலேயே நிறைவேறிவிட்டதே என்று தைரியமாகத் தண்ணீரைப் பார்த்தேன்.

அன்றைக்கு வெயிலுக்கு முன்னே இலை விற்றுவிட்டது. வீட்டுக்கு வந்தபோது மெஷின் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். பிறகு சத்தம் நின்றுவிட்டது. உள்ளே போனேன். மெஷின் ஊசி அவருடைய ஆள்காட்டி விரல் நகத்தில் இறங்கி உள்ளேயே ஒடிந்திருந்தது. அவர் கத்தவில்லை. மறு கையால் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு, காலடிச் சத்தத்தில் நான்தான் என்று தெரிந்து, கேட்டார்.

"துணியில ரத்தம் பட்டுருச்சா பாரு."

மஞ்சள் துணி முழுக்க ரத்தம். அவர் மடியில் ரத்தம். தரையில் ரத்தம். அவர் குனிந்து அதை நேராகப் பார்த்துக்கொண்டே என்னைக் கேட்கிறார்.

ஒடிந்த ஊசியைப் பிடுங்கி விரலைக் கட்டினேன். பிறகு கேட்டேன்.

"ஒண்ணுமே தெரியலயா?"

"தெரியல."

"அப்ப அன்னைக்கு வெள்ளைன்னு எப்படிச் சொன்னீங்க?"

"நம்ம சபையில பொம்பளைங்க வேற என்ன கலர் கட்டுறீங்க?"

அவர் அதைச் சிரிக்கச் சொல்லவில்லை. ஆனாலும் எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே நான் அழுதேன். அத்தனை பேர் உட்கார்ந்திருந்தோம். அத்தனை பேரும் வெள்ளை. அந்தக் கேள்வியில் பதிலும் சேர்ந்தே இருந்தது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்ற நாங்கள் விடவில்லை.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"நீ ஊரெல்லாம் சொல்லிட்ட ராசாத்தி. உன் தலை குனியக் கூடாதுல்ல."

ராசாத்தி என்பது என் பழைய பெயர். வீட்டில் அவர் அதையே கூப்பிடுவார். என் தலை குனியாமல் இருக்க அந்த மனுஷர் பார்வை வந்த மாதிரி நடந்து, சுவரில் இடித்து, இடித்ததை மறைத்து, கடைசியில் விரலைக் கொடுத்திருக்கிறார். இடது கண்ணில் கொஞ்ச நாளாகவே வலி பிடுங்குகிறது என்பதையும் அப்போதுதான் சொன்னார். அதையும் எனக்காக மறைத்திருக்கிறார்.

நான் மெஷினுக்குப் பக்கத்திலேயே முழங்கால் போட்டேன். இத்தனை மாதமும் நான் செய்த ஜெபமெல்லாம், ஆண்டவரே உம்முடைய வார்த்தையைக் காப்பாற்றும் என்பதுதான். அதற்கு உள்ளர்த்தம், என்னுடைய வார்த்தையைக் காப்பாற்றும் என்பது. அன்றைக்குத்தான் முதல் முறை வேறு மாதிரி கேட்டேன். "என் பேரு கெட்டுப் போகட்டும் சாமி. மார்க்கெட்டே சிரிக்கட்டும். இவருக்குக் கண்ணைக் குடும். எந்த வழியா குடுத்தாலும் வாங்கிக்கிறேன்."

ஆமென் சொல்லி எழுந்தபோது வாசலில் முத்துலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். ரவிக்கை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க வந்தாளாம். துணியைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னது இதுதான்.

"எங்கம்மாவுக்குப் புரை எடுத்த டாக்டரு ஸ்ரீரங்கத்துல இருக்காரு. கெளம்புங்க. வாயாடறதை அப்புறம் வெச்சுக்குவோம்."

என் ஜெபத்தின் சத்தம் அடங்குமுன் வந்த பதில் அது. அந்த வாயிலிருந்து வந்ததால் அதை வாங்கிக்கொள்ள எனக்கு ஒரு நொடி பிடித்தது.

திருச்சியிலேயே பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் சபையார் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, ஆற்றைத் தாண்டிப் போவதே நல்லது என்று இருந்தது எனக்கு. பஸ் பாலத்தில் போகும்போது கீழே தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. அவர் சத்தத்தைக் கேட்டு, "தண்ணி வந்திருச்சா?" என்றார். "வந்திருச்சு" என்றேன். கரை தொட்டு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் வந்திருந்தது.

டாக்டர் நெற்றி நிறைய நாமம் போட்ட பெரியவர். சித்திரை வீதியில் வீட்டோடு சேர்ந்த ஆஸ்பத்திரி. நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நின்றேன். அவர் இரண்டு கண்ணையும் வெகு நேரம் பார்த்தார்.

"இடது கண்ணு இத்தனை நாள் வலிச்சிருக்கே, ஏன் முன்னாடியே வரலை? அது போயிடுத்தும்மா. நான் சொல்றது கஷ்டமா இருக்கும். வலது கண்ணுல புரை முத்தியிருக்கு. எடுத்தா தெரியும்னு நெனைக்கறேன்."

ஏன் முன்னாடியே வரவில்லை என்பதற்கு நான் என்ன சொல்வேன்? புதுத் தண்ணீருக்காகக் காத்திருந்தோம் என்றா? முத்துலட்சுமிதான், "வரமுடியாமப் போச்சுங்க சாமி" என்று எனக்காகச் சொன்னாள்.

அறைக்குள் கொண்டுபோகுமுன் டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"நான் கத்தி எடுக்கறச்சே பெருமாளை வேண்டிண்டுதான் எடுப்பேன். நீங்க உங்க ஸ்வாமியை வேண்டிக்கோங்கோ. அவா சண்டை போட்டுக்க மாட்டா."

நான் அவருடைய கையைப் பார்த்தேன். வயதான கை. நரம்பு தெரிந்தது. மனுஷன் கை. அந்தக் கைக்காக ஜெபித்தேன்.

பல நாள் அவர் தலையை அசைக்காமல் படுத்திருந்தார். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. சிரிக்கக்கூடாது, இருமக்கூடாது. நான் ஸ்பூனில் கஞ்சி கொடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். மூப்பருக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டேன். பதில் வரவில்லை.

கட்டு அவிழ்க்கிற நாளுக்கு முன்பு முத்துலட்சுமியிடம் ஒன்று கேட்டேன். "உன் சேலை ஒண்ணு குடுடி. என்ன கலருன்னு வாய்விட்டுச் சொல்லாத, அவரு காதுல விழும். நான் பாத்துக்கறேன்." ஒரு சேலை கொண்டுவந்தாள். ஞானஸ்நானம் எடுத்த பிறகு கலர் சேலை என் உடம்பில் பட்டது அன்றைக்குத்தான். டாக்டரிடமும் சொல்லி வைத்தேன். சத்தம் காட்டாமல் கட்டிலுக்கு எதிரே போய் நின்றேன்.

டாக்டர் கட்டை அவிழ்த்து, ஈரப் பஞ்சால் துடைத்தார்.

"எதிர்ல நிக்கறவா என்ன கலர் பொடவை கட்டிண்டிருக்கா, சொல்லுங்கோ."

வெள்ளை என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். எனக்காக மறுபடியும் சொல்லிவிடுவாரோ என்று பயம். அவர் கண்ணைச் சுருக்கினார். தண்ணீர் வழிந்தது.

"கத்தரிப்பூக் கலருங்க. நல்லா பளிச்சுன்னு இருக்குங்க. முத்துலட்சுமிதானே?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பொத்தின கையில் வளையல் இல்லாததை அவர் பார்த்தார்.

"அடியே ராசாத்தி! என்ன கோலம் இது?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று மட்டும் சொன்னேன்.

ஊர் திரும்பின ஞாயிறு சபைக்குப் போனோம். அவர் முகத்தைப் பார்த்ததும் மூப்பருக்குக் கண் கலங்கிற்று. கோபமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எப்படியோ பாக்குறாருல்ல சிஸ்டர். வாக்கு நிறைவேறிச்சுன்னு சாட்சி சொல்லுங்க. மத்ததைச் சொல்ல வேணாம்."

எழுந்து நின்றேன். நான் பேசப் பயந்தது என் ஆயுசில் அது ஒரு தரம்தான்.

"ஊழியக்காரர் சொன்னது, தண்ணி வர்றதுக்கு முன்னாடின்னு. தண்ணி வந்த பொறகுதான் பாக்குறாரு. மனுஷன் கை படாதுன்னு சொன்னாரு. பட்டுது. ஒரு கண்ணு போயிருச்சு. அதனால அந்த வாக்கு நிறைவேறலீங்க. தண்ணியை நாம மாத்துனோம், பாக்குறதுங்கறதை மாத்துனோம். நான் கேட்ட ஜெபத்துக்கு மட்டும் ஆண்டவர் பதில் குடுத்தாரு. ரெண்டும் ஒண்ணு இல்லீங்க."

"ஆண்டவரைப் பொய்யராக்குறீங்களா?" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆண்டவரைச் சொல்லலீங்க. சொன்ன வாயைச் சொல்றேன். அதைத் தூக்கிட்டு மார்க்கெட்டெல்லாம் போன என் வாயைச் சொல்றேன்."

அல்லேலூயா வரவில்லை. நான் உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். வெகு காலம் என்னிடம் சிலர் பேசவில்லை. அது எனக்கு வரவேண்டியதுதான் என்று வாங்கிக்கொண்டேன். இன்றைக்கும் அதே சபைக்குத்தான் போகிறேன். கடைசிப் பாயில் உட்காருகிறேன். மூப்பர் தம் கடைசிக் காலத்தில், யாராவது வாக்கு உரைத்தால் என்னைக் கூப்பிட்டு, "சிஸ்டர், இது எப்படி?" என்று கேட்பார். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த சமாதானம்.

கனமான கண்ணாடி ஒன்று போட்ட பிறகு அவர் மறுபடியும் மெஷினில் உட்கார்ந்தார். முத்துலட்சுமிக்கு வேறு மஞ்சள் துணி வாங்கி நானே கொடுத்தேன். ரவிக்கையை வாங்க அவள் வந்தபோது, கடைசிக் கொக்கி தைப்பதற்காக அவர் நூலை எச்சில் தொட்டு, ஊசியை வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரே தரத்தில் கோத்தார்.

முத்துலட்சுமி வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டாள்.

"கோத்துட்டாருக்கா. நான் ஒத்துக்கறேன். பாயில எடம் போடுங்க."

"நீ ஒத்துக்க வேணாம்டி. கெடு தாண்டிப் போச்சு. நான் தோத்தது தோத்ததுதான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா பேசுறீங்க?" என்றாள்.

பிரியமானவர்களே, அவருடைய இடது கண் இன்றைக்கும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. தினமும் காலையில் அதைப் பார்த்துத்தான் ஜெபிக்கிறேன். அது என் வெட்கம். வலது கண் என் நன்றி. இரண்டும் ஒரே முகத்தில் இருப்பது நல்லதுதான்.

உங்களுக்கும் யாராவது வாக்கு சொன்னால் தள்ளிவிடாதீர்கள். ஆனால் சொன்ன அன்றைக்கு அது என்ன வார்த்தையில் வந்தது என்பதை மறக்காதீர்கள். பிறகு அதை நீட்டவும் வேண்டாம், மடிக்கவும் வேண்டாம். நடந்ததா என்று யாருக்கு நடந்ததோ அவரைக் கேளுங்கள். கூட்டத்தில் நிறுத்திக் கேட்காதீர்கள். இல்லை என்று சொன்னாலும் தலை குனியாத இடத்தில் வைத்துக் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்று சொல்லுங்கள். ஆண்டவர் அதனால் சின்னவராகிவிட மாட்டார். அவருக்கு நாம் ஒட்டுப் போட்டுத் தைக்க வேண்டியதில்லை. உண்மையைச் சொல்லி அவரைக் கேட்டுப் பாருங்கள். எனக்குச் செவிகொடுத்தவர் உங்களுக்கும் செவிகொடுப்பார்.